15 வயதில் தங்கம், 22இல் ஓய்வு, 26இல் உலக சாதனை: பிரெஸ்ட்ஸ்ட்ரோக் (மார்பு நீச்சல்) வீராங்கனை ரூட்டா மெய்லுட்டீட்டே பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் நீச்சல் பழக்குபவர்கள் அடிக்கடி பார்ப்பது இது. பன்னிரண்டு வயதில் ஒரு பெண் பிள்ளை திடீரென்று வேகம் பிடிப்பாள். போட்டிக்குப் போட்டி பதக்கம் அவளுக்குத்தான். பதினாறில் நேரம் அசைய மறுக்கும். உயர்தர வகுப்புக்கு வந்ததும் ஆளையே தடாகத்தில் காணக்கிடைக்காது. “படிப்பு வந்திட்டுது” என்பார்கள் பெற்றார். “உடம்பு வைச்சிட்டுது” என்பார் கோச். இரண்டுமே அரைகுறைக் காரணங்கள். இதை எடுத்துக்காட்ட லித்துவேனியாவின் ரூட்டா மெய்லுட்டீட்டேயைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம். அவருடைய போட்டி நேரங்கள் எல்லாம் பொதுப் பதிவில் இருக்கின்றன. அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் தண்ணீருக்குள் உடைந்தது மிகக் குறைவு என்றும், வெளியில் உடைந்ததுதான் அதிகம் என்றும் தெரிகிறது.

பதிவு

ரூட்டா 1997 மார்ச் 19இல் லித்துவேனியாவின் கௌனஸ் நகரில் பிறந்தவர். நான்கு வயதில் தாயை வீதி விபத்தில் இழந்தார். ஏழு வயதளவில் நீச்சல் பழகத் தொடங்கினார். தகப்பன் வேலைக்காக இங்கிலாந்து போனபோது, 2010இல் அவரும் பிளிமத் நகருக்கு இடம்பெயர்ந்தார். பிளிமத் கல்லூரியில் படித்தபடி பிளிமத் லியாண்டர் கழகத்தில் ஜோன் ரட் என்பவரிடம் பயிற்சி பெற்றார். புதிய நாடு, புதிய மொழி, தாயில்லாத பிள்ளை, கூடவே கிழமை முழுக்க அதிகாலைப் பயிற்சி. இந்தப் பின்னணியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பிறகு நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது தேவைப்படும்.

இரண்டு வருடத்தில் இலண்டன் ஒலிம்பிக். 2012 ஜூலை 30, பெண்கள் 100 மீற்றர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் இறுதிப் போட்டி. நீந்துபவர்கள் மேடையில் நிற்கும்போதே தொடக்க ஒலி கோளாறாகி வேளைக்கு அடித்துவிட்டது. அமெரிக்காவின் பிரீஜா லார்சன் பாய்ந்தும்விட்டார். பிழை கருவியுடையது என்பதால் அவரை விலக்கவில்லை. எல்லோரும் காத்திருந்து மறுபடி மேடை ஏறினார்கள். அனுபவசாலிகளுக்கே நெஞ்சு படபடக்கும் இடம் அது. 15 வயதுப் பிள்ளை 1:05.47இல் முடித்து, ரெபேக்கா சோனியை 0.08 செக்கனால் முந்தினார். முதல் நாள் அரையிறுதியில் நீந்தியது 1:05.21. அதாவது இறுதிப் போட்டியில் அவர் தன்னுடைய சிறந்த நேரத்தைத் தொடவில்லை, தொடத் தேவையும் இருக்கவில்லை. சுற்றுக்குச் சுற்று நேரம் பெரிதாக ஏறி இறங்காமல் நின்றதுதான் தங்கத்தைக் கொடுத்தது.

அடுத்த வருடம் பார்சலோனா உலகப் போட்டி. 100 மீற்றர் அரையிறுதியில் 1:04.35, உலக சாதனை. இறுதியில் 1:04.42, தங்கம். 50 மீற்றர் அரையிறுதியில் 29.48, அதுவும் உலக சாதனை. ஆனால் 50 மீற்றர் இறுதியில் ரஷ்யாவின் யூலியா எஃபிமோவா 29.52, ரூட்டா 29.59, வெள்ளி. அதே வருடம் ஒக்டோபரில் 25 மீற்றர் தடாகத்தில் 100 மீற்றரை 1:02.36இல் நீந்தி இன்னொரு உலக சாதனை. அப்போது அவருக்கு வயது 16.

அதற்குப் பிறகு இறக்கம். 2015 கசான் உலகப் போட்டியில் 1:06.36, வெள்ளி. அந்த வருடம் செப்டெம்பரில் சைக்கிளில் விழுந்து முழங்கை முறிந்தது. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் 1:07.32, ஏழாமிடம். 2017இல் அமெரிக்காவின் லில்லி கிங் 50, 100 இரண்டு உலக சாதனைகளையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். 2019 மே மாதம், 22 வயதில், ஓய்வு அறிவித்தார். 12 மாதத்துக்குள் மூன்று ஊக்கமருந்துச் சோதனைகளைத் தவறவிட்டதற்காக 2019 ஜூலையிலிருந்து 2021 ஜூலை வரை தடையும் விழுந்தது.

திரும்பி வந்தபின் 2022 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 50 மீற்றர் தங்கம், 100 மீற்றர் வெண்கலம். அவ்வருட டிசெம்பரில் மெல்பேர்னில் 25 மீற்றர் தடாகத்தில் 50 மீற்றர் 28.37, உலக சாதனை. 2023 ஃபுக்குஓக்காவில் 100 மீற்றர் 1:04.62, தங்கம். 50 மீற்றர் 29.16, தங்கமும் உலக சாதனையும்.

எண்கள் சொல்வது

2013இன் 1:04.35ஐயும் 2023இன் 1:04.62ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பத்து வருடம், நடுவில் ஒரு முறிவு, ஓர் ஓய்வு, ஒரு தடை. வித்தியாசம் 0.27 செக்கன். 50 மீற்றரிலோ 0.32 செக்கன் வேகம் கூடியிருக்கிறது. இலண்டனுக்கும் ரியோவுக்கும் இடையிலான நாலே வருடத்தில், உடம்பு பலமாக இருக்கவேண்டிய 19 வயதில், அவர் இழந்தது 1.85 செக்கன். பெண் உடம்பு பெரிதானதால்தான் வேகம் போகிறது என்றால் 26 வயதில் அது திரும்பி வந்திருக்கக் கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. கோச்மார் இதைக் கொப்பியில் போட்டு வைக்கலாம். 50 மீற்றர் நேரத்தை இரண்டால் பெருக்கி, 100 மீற்றர் நேரத்திலிருந்து கழியுங்கள். 2013இல் ரூட்டாவுக்கு 64.35இலிருந்து 58.96 போக 5.39 செக்கன், அதாவது இரட்டித்த 50 மீற்றர் நேரத்தின் 9 வீதம். 2023இல் 64.62இலிருந்து 58.32 போக 6.30 செக்கன், ஏறக்குறைய 11 வீதம். முதல் பாதியின் வேகத்தை இரண்டாம் பாதிக்குக் கொண்டுபோகும் திறன் சற்றுக் குறைந்திருக்கிறது, முழு வேகம் கூடியிருக்கிறது. அவர் 50 மீற்றர்க்காரியாக மாறிக்கொண்டிருந்தார் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

நம் பிள்ளை 50 மீற்றரை 42 செக்கனிலும் 100 மீற்றரை 1:36இலும் நீந்துகிறாள் என்று வைப்போம். 96இலிருந்து 84 போக 12 செக்கன், 14 வீதம். அந்த வயதுக்கு அது மோசமில்லை. 18, 20 வீதம் வந்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, முதல் 25 மீற்றரில் வெறி பிடித்துப் போகிறாள். மற்றது, களைத்ததும் கிக்கின் வடிவம் உடைகிறது. எது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு 25க்கும் ஸ்ட்ரோக்கை எண்ணுங்கள். எண்ணிக்கை அப்படியே இருந்து நேரம் மட்டும் கூடினால் தாளம் விழுகிறது. எண்ணிக்கை மூன்று நான்கு கூடினால் கிக் பிடி விட்டுவிட்டது.

செக்கன்கள் ஒளிந்திருக்கும் இடம்

நான்கு பாணிகளிலும் மெதுவானது பிரெஸ்ட்ஸ்ட்ரோக். காரணம் கை கால் இரண்டும் தண்ணீருக்குள்ளேயே முன்னோக்கித் திரும்பி வரவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் உடம்பு ஒருதரம் பாய்ந்து ஒருதரம் கிட்டத்தட்ட நின்றுபோகிறது. நல்ல நீச்சல்காரி அந்த நிற்கும் கணத்தைக் குறைக்கிறாள். கையால் கூட இழுக்கச் சொல்லி விரட்டுவதில் ஒரு பலனும் இல்லை.

ஆக வேகமான பகுதி ஸ்ட்ரோக் அல்ல, பாய்ந்த பின்னும் திரும்பிய பின்னும் வரும் புல்அவுட். அதன் ஒழுங்கு இது. சுவரை உதைத்ததும் கைகளை நீட்டி, காதுக்கு மேல் மேற்கை ஒட்ட, அம்புபோல் வழுக்கிச் செல்வது. வேகம் குறையத் தொடங்கும்போது ஒரேயொரு டொல்பின் கிக், அதாவது இரண்டு காலையும் சேர்த்து மேலும் கீழும் அடிக்கும் உதை. கைகளைத் தொடைவரை ஒரே இழுவையில் கொண்டுவருவது. அந்த நிலையில் கொஞ்சம் வழுக்கியபின், உள்ளங்கைகளை வயிறு, நெஞ்சு, முகம் என்று உடம்போடு உரசியபடி முன்னே அனுப்புவது. கை நீளும்போது பிரெஸ்ட் கிக். பிறகு மேலே வருவது. இரண்டாவது ஸ்ட்ரோக்கின் அகன்ற இடத்தில் கைகள் உள்ளே திரும்புமுன் தலை நீர்மட்டத்தைப் பிளக்கவேண்டும் என்பது விதி. பிந்தினால் தகுதிநீக்கம். மற்றப் பாணிகளுக்கு இருக்கும் 15 மீற்றர் எல்லை பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு இல்லை. ஆனால் அதிக தூரம் அடியில் போனால் நல்லது என்று நினைப்பது பிழை. வேகம் ஸ்ட்ரோக் வேகத்துக்கு இறங்கிய கணத்திலேயே மேலே வந்துவிடவேண்டும். 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் 7, 8 மீற்றருக்குள் வந்துவிடும்.

இங்கு அதிகமாகப் பிழைவிடும் இடம் கையை முன்னே அனுப்பும் கட்டம். முழங்கைகளை விரித்து அனுப்புகிறார்கள். வழுக்கிச் சேர்த்த வேகம் முழுவதும் அதில் போய்விடும். சீர்திருத்த எளிய வழி: கண்ணை மூடிக்கொண்டு கையனுப்பும் அசைவை மட்டும் நிலத்தில் இருபது தடவை செய்யச் சொல்லுங்கள். விரல் நாடியில் தட்டுப்பட்டால் சரி.

இனி 25 மீற்றர் தடாகத்தின் ஏமாற்று. ரூட்டாவின் 25 மீற்றர் தடாகச் சாதனைக்கும் 50 மீற்றர் தடாகச் சாதனைக்கும் 1.99 செக்கன் வித்தியாசம். ஒரே ஆள், ஒரே வருடம். காரணம், 100 மீற்றரில் சிறிய தடாகத்தில் மூன்று திருப்பம், பெரியதில் ஒன்று. ஒவ்வொரு திருப்பமும் ஒரு புல்அவுட்டையும் காலுக்கு ஓர் ஓய்வையும் கொடுக்கிறது. பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல் தடாகங்களில் பழகும் பிள்ளைக்குச் சுவர் இன்னும் கிட்ட வருகிறது. அவள் கொழும்பு சுகததாச 50 மீற்றர் தடாகத்தில் இறங்கினால் 35ஆவது மீற்றரில் கால் கனக்கும். அதைப் பயம் என்று கோச் தப்பாக விளங்கிக்கொள்வார்.

பெரிய தடாகம் இல்லை என்பதைச் சாட்டாகச் சொல்லவும் முடியாது. 2021இல் டோக்கியோவில் 17 வயதில் 1:04.95 நீந்தி 100 மீற்றர் தங்கம் எடுத்த லிடியா ஜேக்கபி, அலாஸ்காவின் சிவர்ட் என்ற சிறிய ஊரைச் சேர்ந்தவர். அந்தப் பெரிய மாநிலத்தில் அப்போது 50 மீற்றர் தடாகம் ஒன்றே ஒன்று, அதுவும் அவருடைய ஊரில் இல்லை. சிறிய தடாகத்தில் செய்யக்கூடியது: சுவருக்கு இரண்டு மீற்றர் முன்னாலேயே, தொடாமல், உதைக்காமல் திரும்பி நீந்துவது. இப்படி 50 மீற்றர் நான்கு தடவை, இடையில் ஒன்றரை நிமிட ஓய்வு, கிழமையில் இரண்டு நாள். பிள்ளைகள் இதை வெறுப்பார்கள், பரவாயில்லை.

வாவித் தண்ணீர்

தடாகம் கிடைக்காத நாளில் கடலோடு கலக்கும் மட்டக்களப்பு வாவிதான். கல்லடிப் பக்கமோ அமைதியான வேறு இடமோ, கரையோடு ஒட்டி நைலோன் கயிறு 50 மீற்றருக்குக் கட்டி, ஐந்து மீற்றருக்கு ஒரு வெறும் பிளாஸ்ரிக் கான் மிதக்கவிட்டு, இரு முனையிலும் மணல்மூடையை நங்கூரமாக இறக்கினால் பாதை தயார். ஈரத்தில் நைலோன் இழுபடும். ஆகையால் நனைத்தபிறகு அளக்கவேண்டும். ஆழம் பிள்ளையின் நெஞ்சளவாவது வேண்டும், இல்லாவிட்டால் கிக்கின் கடைசியில் பெருவிரல் சேற்றைக் கிளறும். சிப்பி, மட்டி ஓடு கிடக்கும் இடமா என்று முதலில் பெரியவர் ஒருவர் செருப்போடு நடந்து பார்க்கட்டும். முதலை நடமாட்டம் பற்றி மீனவரிடம் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் இறக்கவேண்டாம்.

வாவியில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. உப்புத் தண்ணீர் அடர்த்தி கூடியது. கடல் நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 வீதம் கனம். வெயில் காலத்தில் வாவி உப்பேறியிருக்கும்போது பிள்ளையின் இடுப்பு தானாக மேலே மிதக்கும். நிலை அழகாகத் தெரியும். மாரி மழைக்குப் பிறகு, வெள்ளம் வந்து முகத்துவாரம் வெட்டுப்படும் காலத்தில், அதே வாவி நன்னீர் போலாகும். தடாகமும் நன்னீர்தான். அங்கே இடுப்பு இறங்கும், தொடை தண்ணீரைத் தள்ளும். “ஓகஸ்டில் நல்லா நீந்தினாளே” என்று கோச் தலையைச் சொறிவார். ஆகவே வாவி நேரத்தையும் தடாக நேரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி ஒப்பிடக் கூடாது. இடுப்பு நிலையைத் தடாகத்தில் மட்டும்தான் தீர்ப்புச் சொல்லலாம்.

வாவியில் பாய்ந்து தொடங்குவது அறவே கூடாது. தொடக்க மேடை உள்ள இடத்தில் ஆழம் குறைந்தது 1.35 மீற்றர் வேண்டும் என்பது சர்வதேச விதி. ஹோட்டல் தடாகங்கள் பல அதற்குக் குறைவு. அங்கும் சுவரை உதைத்துத்தான் தொடங்கவேண்டும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வெள்ள நீரில் எலிக்காய்ச்சல் ஆபத்தும் சேரும். அந்த மாதங்களை நிலத்துப் பயிற்சிக்கு விடுங்கள். பழைய சைக்கிள் டியூப்பை யன்னல் கம்பியில் மாட்டி, குனிந்து நின்று, முழங்கையை உயரத்தில் வைத்தபடி உள்ளே இழுக்கும் அசைவு 15 தடவை மூன்று முறை. குந்தியிருந்து எழும்பிப் பாய்வது 8 தடவை மூன்று முறை. போதும்.

முழங்கால்

பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்தும் பிள்ளையின் வாழ்க்கையை இடையில் முடிக்கும் உடல் காரணம் பெரும்பாலும் இதுதான். “சேர், முழங்காலுக்கு உள்பக்கம் நோகுது” என்று பிள்ளை சொன்னால் அது சாட்டு அல்ல. பாதத்தை வெளியே திருப்பி வீசும் கிக்கில் முழங்காலின் உட்பக்கத் தசைநார் ஒவ்வொரு தடவையும் இழுபடுகிறது. முழங்கால்கள் தோளைவிட அகலமாக விரிந்தால் இழுவை இன்னும் கூடும்.

நோவு வருமுன் ஒரு சோதனை. பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து முழங்காலை 90 பாகைக்கு மடித்து, இரண்டு பாதங்களையும் வெளிப்பக்கம் தன்பாட்டில் விழவிடுங்கள். இரு பக்கமும் ஒரேயளவு விழவேண்டும். ஒரு பக்கம் தெளிவாகக் குறைந்தால் அந்தப் பக்க இடுப்பு இறுக்கம். திருப்பம் இடுப்பில் கிடைக்காவிட்டால் முழங்காலிடமிருந்து பிடுங்கப்படும். அதே பக்கப் பாதம் களைத்ததும் வெளியே திரும்பாமல் கத்தரிக்கோல் கிக்காக மாறும், நடுவர் கை உயர்த்துவார். தகுதிநீக்கமும் காயமும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பதை நம்மூர்ப் பயிற்சியில் அதிகம் கவனிப்பதில்லை.

திருத்த, தொடைகளுக்கிடையில் மிதவையை இறுக்கிப் பிடித்தபடி கிக் அடித்தால் முழங்கால் விரியாது. மல்லாந்து படுத்து, கையைப் பக்கத்தில் வைத்து, குதிகால் கைவிரல் நுனியைத் தொடும்வரை மடித்து உதைத்தால் தொடை வயிற்றை நோக்கி வராது. ஒரு கை இழுவைக்கு இரண்டு கிக் போட்டால் கையும் காலும் சேரவேண்டிய நேரம் பிடிபடும். 13 வயதுக்கு ஒரு நேரப் பயிற்சியில் தனி பிரெஸ்ட் கிக் 400 மீற்றருக்கு மேல் தேவையில்லை என்பது எங்கள் நிலைப்பாடு. நோவிருந்தால் அன்றைக்குப் பூச்சியம், பிரீஸ்டைல் நீந்தட்டும்.

உடைந்தது எங்கே

முழங்கை முறிவு ரியோவுக்கு ஓராண்டுக்கும் குறைவான காலத்தில் நடந்தது. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் முழங்கை உயரத்தில் நின்றால்தான் பிடி கிடைக்கும், ஆகவே அது சின்ன விசயமில்லை. ஆனாலும் எலும்பு பொருந்திய பிறகும் நேரம் திரும்பவில்லை. தான் மனச்சோர்வால் பாதிக்கப்பட்டிருந்ததைப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகப் பேசினார். 15 வயதில் ஒரு நாடே கொண்டாடிய பிள்ளை. அடுத்த ஏழு வருடமும் ஒவ்வொரு போட்டியிலும் அந்தப் பழைய நேரத்தோடு ஒப்பிடப்பட்டவர்.

மூன்று சோதனைகள் தவறிய விவகாரத்தைப் பலர் ஊக்கமருந்து எடுத்தார் என்று பிழையாகச் சொல்வதுண்டு. அப்படி அல்ல. உயர்மட்ட வீரர்கள் சோதனைப் பட்டியலில் இருந்தால், ஒவ்வொரு நாளும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே பதிந்துவைக்கவேண்டும். அந்த நேரத்தில் அங்கே இல்லாவிட்டாலோ விபரத்தைப் பதியத் தவறினாலோ அது ஒரு தவறு. 12 மாதத்தில் மூன்று சேர்ந்தால் விதிமீறல். மனம் சோர்ந்து, விளையாட்டை விடலாமா என்று இருக்கும் ஒருவருக்கு முதலில் கைவிட்டுப் போவது இப்படியான எழுத்துவேலைதான்.

நம் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கவனிப்பாரற்ற எழுத்துவேலை இங்கும் வாய்ப்பைத் தின்கிறது: பிந்திப்போன விண்ணப்பம், கையில் இல்லாத பிறப்புச் சான்றிதழ், எடுக்காத மருத்துவச் சான்று. ஒரு கழகத்தில் இதற்கென்று ஒரு பெற்றாரைப் பொறுப்பாக வைத்தால் கோச்சின் தலைவலி பாதி போகும். சப்ளிமென்ட் விடயத்தில் ரூட்டாவை 50 மீற்றரில் வென்ற எஃபிமோவாவையே பார்க்கலாம். கடையில் வாங்கிய ஒரு தயாரிப்பில் டிஎச்இஏ என்ற தடைசெய்யப்பட்ட பொருள் இருந்து, 2013இலிருந்து 16 மாதம் தடைபட்டார். லேபலை வாசிக்காத குற்றம். ஜிம் அண்ணாமார் கொடுக்கும் பவுடரைப் பிள்ளை தொடவே கூடாது. சோறும் மீனும் முட்டையும் பயறும் போதும்.

வயது வரும் காலத்தையும் இங்கேயே சொல்லவேண்டும். பெரியபிள்ளையானதும் உடம்பின் மிதப்பு மாறும், ஆறு மாதமோ ஒரு வருடமோ நேரம் நிற்கும். கிக் நேரத்தைப் புதிதாகப் பழக்கவேண்டியிருக்கும். அந்த மாதங்களில் நேரத்தைக் கேட்டு நச்சரித்தால் பிள்ளை போய்விடும். வீட்டில் மறிப்பதும் அப்போதுதான். பெண்களுக்கென்று தனி நேரமும், கரையில் ஒரு பெண் பொறுப்பாளரும், முழங்கால்வரை வரும் போட்டி உடுப்பும் இருந்தால் பல வீடுகளில் மறுப்பு இளகும். சர்வதேச விதியும் முழங்கால்வரை அனுமதிக்கிறது. அதைவிட நீளமான உடுப்பு வேண்டுமென்றால் போட்டி அமைப்பாளரிடம் முன்னதாகவே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றது உயர்தரம். இரண்டு வருடமும் முழுப் பயிற்சி அல்லது முழு நிறுத்தம் என்று வைப்பதுதான் பிழை. கிழமையில் இரண்டு நாள், 45 நிமிடம், 50 மீற்றருக்கான வேகப் பயிற்சி மட்டும் என்று சுருக்கலாம். இரண்டு வருடத்துக்குமேல் விலகியிருந்த ரூட்டா திரும்பிவந்து உலகப் போட்டியில் முதலில் தங்கம் எடுத்தது 50 மீற்றரில்தான். குறைந்த தூரப் பயிற்சியோடு காக்கக்கூடியது அந்த வேகம். 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 50 மீற்றர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கும் சேர்க்கப்பட்டிருக்கிறது. குறுந்தூரப் பிள்ளையை 200 மீற்றருக்கு வற்புறுத்த இனிக் காரணமே இல்லை. ஒலிம்பிக்கிலோ 50 மீற்றர் தடாக உலகப் போட்டியிலோ ரூட்டாவுக்கு 200 மீற்றரில் ஒரு பதக்கமும் கிடையாது. யாரும் அதைக் குறையாகச் சொன்னதும் இல்லை.

கல்லடிப் பிள்ளைக்கு ஒரு கிழமை

13 வயது, பாடசாலை, பின்னேரம் ரியூசன். தண்ணீரில் நான்கு நாள், ஒவ்வொன்றும் 60 முதல் 75 நிமிடம். இரண்டு நாள் காலை 5.30க்கு, இரண்டு நாள் வார இறுதியில். ஒரு நாள் புல்அவுட்டும் திருப்பமும் மட்டும். ஒரு நாள் சுவர் தொடாத 50கள். ஒரு நாள் 25 மீற்றர் முழு வேகம் எட்டுத் தடவை, ஒவ்வொன்றுக்கும் பின் இரண்டு நிமிட ஓய்வு. ஒரு நாள் மற்ற மூன்று பாணிகள், பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கே இல்லை. 50 மீற்றர்களைத் தொடராக நீந்தும்போது கடைசி நேரம் முதல் நேரத்தைவிட மூன்று செக்கனுக்குமேல் பிந்தினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். உடைந்த வடிவத்தில் நீந்தும் ஒவ்வொரு மீற்றரும் உடைந்த வடிவத்தையே பழக்கும்.

கொழும்புப் போட்டிக்கு இரவு ரயிலில் போய் இறங்கி நேரே தடாகத்துக்குப் போவது இங்கு வழக்கமாகிவிட்டது. அம்பாறைக் கரையோரப் பிள்ளைகளுக்கு ரயிலும் இல்லை, முதலில் மட்டக்களப்புக்கு வரவேண்டும் அல்லது பஸ்ஸில் முழுத் தூரமும். எட்டு ஒன்பது மணி நேரம் மடங்கி இருந்த இடுப்பால் பாதத்தை வெளியே திருப்ப முடியாது. கத்தரிக்கோல் கிக் தகுதிநீக்கங்கள் காலை ஹீட்ஸில் (ஆரம்பச் சுற்றுகளில்) விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் நாள் பின்னேரமே போய்ச் சேர்ந்து, அந்தத் தடாகத்தில் 600 மீற்றர் மெதுவாக நீந்தி, திருப்பச் சுவரை நாலு தடவை தொட்டுப் பார்க்கவேண்டும். செலவு கூடும்தான். வருடத்துக்கு ஐந்து போட்டிக்குப் பதில் மூன்றுக்குப் போங்கள்.

பிள்ளைக்கு ஒரு கொப்பி கொடுங்கள், அவளே எழுதட்டும். திகதி, வாவியா தடாகமா, 50 மீற்றர் நேரம், ஸ்ட்ரோக் எண்ணிக்கை, முந்தின இரவு நித்திரை எத்தனை மணி, முழங்கால் நோவு பத்துக்கு எத்தனை, மனநிலை ஒரு சொல்லில். கோச் ஞாயிறு தோறும் வாசிக்கவேண்டும், தகப்பன் வாசிக்கக் கூடாது. நோவு மூன்றைத் தாண்டினாலோ, நித்திரை இரண்டு கிழமை தொடர்ந்து ஏழு மணிக்குக் குறைந்தாலோ, அடுத்த கிழமை கிக்கைப் பாதியாக வெட்டுங்கள். மனநிலைப் பத்தி மூன்று கிழமை வெறுமையாக இருந்தால் ஸ்டாப்வாட்சை வைத்துவிட்டு, தாயையும் கூப்பிட்டு, பிள்ளையோடு பேசுங்கள்.